சாமி படிப்பு

தை மாசத்தில் பெய்யக்கூடாத மழை பெய்தது. பொங்கல் முடிந்து மாடுகளுக்குக் கட்டிய மாலைகூட இன்னும் கழற்றவில்லை. அதற்குள் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்து, இரண்டு பகல் விடாமல் ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வெளுத்துக்கொண்டது வானம். வடகாவனூரில் அறுப்புக்கு நின்ற சம்பா அத்தனையும் பாய் விரித்தமாதிரி படுத்துவிட்டது. போன வாரம்தான் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளித்திருந்தார்கள். அது முளைக்குமா அழுகுமா என்று அந்த உளுந்துக்கே தெரியாது.

அம்சம் குத்தகை வயலில் முழங்கால் சேற்றில் நின்று சாய்ந்த கதிர்களைத் தூக்கி நாலு தூர் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கண்ணுசாமி வரப்பை வெட்டி வடிகாலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் மகன் செழியன், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அவனும் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் வந்தான். கை வேலை செய்தது, உதடு வேறெதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மந்திரம். மறந்துவிடக் கூடாதென்று மூன்று வருஷமாக அவன் இப்படித்தான் களை பறிக்கும்போதும் மூட்டை தூக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

வாய்க்கால் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் ஒருவர் நின்றார். "என்ன கண்ணுசாமி, சாமி படிப்பு படிச்ச புள்ளைக்கு இன்னும் ஆர்டர் வரலியா?"

"சாமி கையெழுத்துப் போட மாட்டேங்குதாம்," என்றார் கண்ணுசாமி, நிமிராமலே.

கேட்டவர் சிரித்துக்கொண்டு போனார். செழியனின் உதடு நின்றுவிட்டது. அம்சம் அதைப் பார்த்தாள். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி அடுத்த தூருக்குப் போனாள்.

கண்ணுசாமி சங்கத்து ஆள். மீசை முளைப்பதற்கு முன்பே கொடி பிடித்தவர். நடவுக் கூலிக்கும் அறுப்புக் கூலிக்கும் களத்தில் உட்கார்ந்து பேசிப் பேசியே தொண்டை கரகரத்துப்போனவர். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவருக்குப் பிறந்த பிள்ளை வரலாறு பி.ஏ. முடித்த கையோடு, எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்ற பயிற்சிக்கு மனுப் போட்டான். தெரிந்தபோது அவர் சண்டை போடவில்லை. "உரிமைன்னா போய் எடுத்துக்க. ஆனா அங்க போயி விழுந்து கும்பிடுறதுதான் உரிமையான்னு யோசிச்சுக்க" என்று மட்டும் சொன்னார். செழியன் ஒரு வருஷம் தங்கிப் படித்தான். ஆகமம், பூஜை முறை, தேவாரம். தீட்சை வாங்கினான். சான்றிதழோடு வந்தான். வந்தவன் வந்தவன்தான். காலி இடம் இல்லை என்றார்கள், வழக்கு இருக்கிறது என்றார்கள், அடுத்த பட்டியலில் பார்ப்போம் என்றார்கள். அவனோடு படித்தவர்களில் ஒருவன் திருப்பூர் போய்விட்டான். இன்னொருவன் ஆட்டோ ஓட்டுகிறான். செழியன் அறுப்புக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினான், மற்ற நாளில் கீழ்வேளூர் உரக்கடையில் நின்றான்.

வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. படிக்கப் போனதிலிருந்து அவன் கவிச்சி தொடுவதில்லை. அன்றைக்கு ஒரு அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, இன்னொன்றில் அவனுக்குப் பரங்கிக்காய்ப் புளிக்கறி. ஈரம் ஊறிப்போன விறகு புகைந்தது. மகள் மதிவதனி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள். நாகப்பட்டினத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. அண்ணனுக்கு என்ன வழி என்று செல்போனில் தேடுவதுதான் ஆறு மாதமாக அவளுடைய பஸ் பயணத்து வேலை.

"அண்ணே, தஞ்சாவூர்ல எம்.ஏ. இருக்கு. சமயமும் தத்துவமும். மாசம் ஒரு சனி ஞாயிறு வகுப்புக்குப் போனாப் போதும். முடிச்சிட்டா அப்புறம் ஆராய்ச்சி பண்ணலாம், காலேஜ்ல வாத்தியாராவலாம்."

"சோத்துக்கு?" என்றார் கண்ணுசாமி.

"இருங்கப்பா. ஓதுவார் பயிற்சி ஒண்ணு இருக்கு. அண்ணனுக்குக் குரல் நல்லாருக்கு. அது இல்லாட்டி கோயில் செயல் அலுவலர் பரீட்சை. அதுல சமயமே ஒரு தாளு. அண்ணன் படிச்சது பாதி அதுலயே வருது."

கண்ணுசாமி சாப்பாட்டுக் கையை நிறுத்தினார். "செயல் அலுவலருன்னா?"

"கோயில நிர்வாகம் பண்ற ஆபீசரு. நெலம், நகை, உண்டியல், சம்பளம் எல்லாம் அவரு கையிலதான்."

"அட! அத எழுதுடா. உள்ள போயி பூ போட விடாட்டி என்ன, வெளிய நாற்காலி போட்டு உக்காந்து கேள்வி கேளு. அது வேல."

செழியன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கேள்வி கேக்கப் படிக்கலப்பா."

"பின்ன எதுக்குப் படிச்ச?"

"பூ போடத்தான் படிச்சேன்."

மதிவதனி மலேசியாவில் ஒரு கோயிலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வைத்திருந்தாள். சொல்லவில்லை. செழியன் கை கழுவிவிட்டு வெளியே போய்த் தெருவுக்கும் வாய்க்காலுக்குமாக நடந்தான். அவன் ஓர் இடத்தில் உட்கார்ந்தே அம்சம் பார்த்து வெகுநாளாயிற்று. படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இருபத்தாறை எட்டிய பிள்ளை. பெண் கேட்டுப் போன இரண்டு இடத்தில் "மாப்பிள்ளை என்ன வேல?" என்ற கேள்விக்கு அம்சத்துக்கு வாய் வரவில்லை.

தலை சாய்ந்தது போக மிஞ்சியதை மெஷின் விட்டு அறுத்து, ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் பனையடிக்குத்தகை என்ற உப்பளத்து ஊர். ஊர்ப் பொதுவில் ஒரு சிவன் கோயில். சைக்கிளில் வந்து பூஜை செய்துகொண்டிருந்த வயதான குருக்கள் சென்னையில் மகன் வீட்டோடு போய்விட்டார். அதற்குப்பின் அந்த உப்புக் காற்றுக்கு வர யாரும் சம்மதிக்கவில்லை. கூடப் படித்தவன் எவனோ செழியனின் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

செழியன் நெல்லைக் காலால் துழாவி விடுவதை விட்டுவிட்டு ரோட்டோரமாகவே நின்றான். முகத்தில் வெயில் பட்டு மின்னியது. "அம்மா, கூப்புடுறாங்கம்மா. கருவறைக்குள்ள. நாந்தான் எல்லாம் பண்ணணுமாம்."

"சம்பளம்?" என்றார் கண்ணுசாமி, நெல்லுக்கு அந்தப் பக்கமிருந்து.

"அத நான் கேக்கலப்பா."

"அதான பாத்தேன். காலம்பூரா கூலிக்கு நின்னவன் புள்ள, கூலி கேக்காம வேலைக்குப் போறேங்குறான். இரு, நான் வர்றேன்."

"அப்பா, அங்க வந்து நீங்க..."

"சாமியப் பத்திப் பேசல. கூலியப் பத்திப் பேசுறேன்."

அம்சம், தானும் வருவேன் என்றாள். மகன் போகிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றாள்.

நாகப்பட்டினத்தில் இறங்கி வேதாரண்யம் பஸ் ஏறி, அங்கிருந்து ஒரு மினிபஸ். போகப் போக வயல் தீர்ந்துபோயிற்று. சவுக்கும் பனையும் வந்தன. பிறகு அதுவும் தீர்ந்து, கண் கூசுகிற வெள்ளை. பாத்தி பாத்தியாகக் கடல்தண்ணீரைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அம்சத்துக்கு அவர்களின் காலில்தான் கண் போயிற்று. சேற்றுப்புண் அவளுக்குத் தெரியும். இது வேறு மாதிரி. குதிகால் தரையாய் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு வெள்ளையாக நின்றது.

கோயில் சின்னது. மண்டபம் ஓடு வேய்ந்தது. அம்பாள் சன்னதிக் கதவில் துருவேறிய பூட்டு. ஊர்ப் பெரியவர் வைரக்கண்ணுவும், கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற அமிர்தம் என்ற உப்பளத்துப் பெண்ணும் காத்திருந்தார்கள். செழியன் குளத்தில் குளித்துவிட்டு வந்து மண்டபத்தில் நின்று ஒரு தேவாரம் பாடினான். அமிர்தம் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிங்க. வேல நேரத்தச் சொல்லுங்க."

வைரக்கண்ணு விழித்தார். "வேல நேரம்னா... காலையில நடை தெறக்கணும். உச்சிக்கு ஒரு தடவ. சாயங்காலம் வெளக்கு."

"பிரதோஷம்?"

"அது உண்டு."

"சிவராத்திரி?"

"அதுவும் உண்டுல்ல?"

"அன்னிக்கு விடிய விடிய நிக்கணும். அதுக்குத் தனியா என்ன தருவீங்க?"

"தட்டுல விழும்ங்க. ஊருல எல்லாரும் போடுவாங்க."

"தட்டுல விழுறது அவங்க மனசு. நான் கேக்குறது கூலி. மாசத்துல என்ன, லீவு எத்தன, ஒடம்பு சரியில்லாமப் படுத்துட்டா என்ன, இதச் சொல்லுங்க."

அமிர்தம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பெரியவரே, எங்க உப்பள மொதலாளிகிட்ட எங்களுக்கும் கொஞ்சம் பேசி விடுங்களேன்."

"கூப்புடும்மா, வர்றேன்," என்றார் கண்ணுசாமி, சிரிக்காமல்.

செழியனுக்குத்தான் முகம் கறுத்துப்போயிற்று. மண்டபத்துத் தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றான். பேசி முடித்தபோது மாதச் சம்பளமும் அரிசியும் தங்க அறையும் முடிவாயிற்று. மாதம் இரண்டு நாள் லீவு. வைரக்கண்ணுவுக்கு வேர்த்திருந்தது. கண்ணுசாமி எழுந்தார். எழுந்தவர் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு. பின்னாடி ஒரு பேச்சு வரக்கூடாது. நாங்க வடகாவனூரு கீழத்தெரு. காலனி. எம் பொண்டாட்டி நடவாளு. நான் சங்கத்து ஆளு. தெரிஞ்சுக்கிட்டு வேலைக்கு வைங்க."

பனையோலை சரசரத்தது. அமிர்தம் தரையைப் பார்த்தாள். வைரக்கண்ணு வெற்றிலையை எடுத்தார், மடித்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அமிர்தத்தைத் தனியே கூட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் பேசினார். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மழைக்காலம் பூரா சாமி இருட்டுல கெடந்துச்சு. யாரு ஏத்துனாலும் வெளக்கு வெளக்குதான். ஆனா ஊரு இருக்கே. புள்ள தீட்சை வாங்கியிருக்கு, பூணூல் கெடக்கு, மந்திரம் சுத்தமா வருது. பாத்தா யாருக்கும் ஒண்ணும் தோணாது. நானும் அமிர்தமும் வாயத் தொறக்க மாட்டோம். நீங்களும் தொறக்க வேணாம். கும்பகோணத்துப் பக்கத்து ஐயருன்னு சொல்லிக்கிறோம்." அம்சத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வீட்டாளுங்க அடிக்கடி வந்து போவாம இருந்தா நல்லதுங்க."

திரும்பி வந்த பஸ்ஸில் கண்ணுசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. "பேர மறைச்சிக்கிட்டு எவன் வேலைக்குப் போவான்? திருடன் போவான். அவ்வளவு நேரம் லீவுக்கும் சம்பளத்துக்கும் வாய் கிழியப் பேசினேன். அந்தாளு ஒரு வார்த்தையில எல்லாத்தையும் புடுங்கிட்டான்."

"மூணு வருஷம்ப்பா," என்றான் செழியன். "இந்த மூணு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒரு சாமி தலையில நான் தண்ணி ஊத்துனதில்ல. வாயாலயே பூஜை பண்றேன். கொஞ்ச நாள் போனா எனக்கே எல்லாம் பொய்யின்னு ஆயிடும்."

"இப்ப நீ பண்ணப் போறதுதான்டா பொய்யி."

பஸ் திருப்பூண்டியைத் தாண்டியது. இரண்டு பேரும் அம்சத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்த ஊர்க் கோயிலில் அவன் பாடியது காதிலேயே இருந்தது. பாடும்போது அவன் கால் ஆடவில்லை. அதைத்தான் அவள் கவனித்திருந்தாள்.

"போடா தம்பி," என்றாள். "யாரு புள்ளன்னு சாமிக்குத் தெரியும். ஊருக்கு என்ன?"

மாசிப் பிறப்பன்று செழியன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கண்ணுசாமி வயலில் இருந்தார்.

உளுந்து பிழைத்துக்கொண்டது. பங்குனியில் பிடுங்கி அடித்தார்கள். அம்சம் ஒற்றை அடுப்பு எரித்தாள். அது அவளுக்கு என்னவோபோல இருந்தது. புளிக்கறி வைக்கிற சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், மறுபடி எடுத்துக் கழுவினாள். போனில் அவன் நன்றாகத்தான் பேசினான். காலையில் தண்ணீர் சுமக்கிறேன், அம்பாள் சன்னதிப் பூட்டை உடைத்துத் திறந்துவிட்டோம், பிள்ளைகள் காலையிலும் சாயங்காலமும் தேவாரம் படிக்க வருகிறார்கள். எல்லாம் சொல்வான். "வரட்டுமாடா?" என்றால் மட்டும், "வெயிலும்மா, உப்பளத்துல நிக்க முடியாது" என்பான். லீவு நாளிலும் அவன் வரவில்லை. தஞ்சாவூருக்கு வகுப்புக்குப் போகிறேன் என்றான். மதிவதனி சொன்ன அந்த எம்.ஏ.வில் சேர்ந்திருந்தான். இரண்டு தடவை தஞ்சாவூர் போனவனுக்கு வழியில் கீழ்வேளூரில் இறங்கத் தோன்றவில்லை.

சித்திரையில் ஒரு நாள் நடவுக்கு நாற்றங்கால் பார்க்கப் போகிற பெண்களோடு கிளம்பிய அம்சம், கடைத்தெருவில் அவர்களை விட்டுவிட்டு நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பையில் உடைத்த உளுந்தும் கொஞ்சம் முறுக்கும் இருந்தன. அப்படியென்றால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிரதோஷம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மண்டபம் நிறையப் பெண்கள். உப்பளத்திலிருந்து நேரே வந்து குளத்தில் கைகால் கழுவிக்கொண்டு நின்றார்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அவன் முதுகு தெரிந்தது. பால் குடத்தைத் தூக்கி ஊற்றினான். குரல் கணீரென்று வந்தது. அம்சம் தூண் ஓரமாகக் கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றாள். வைரக்கண்ணு திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்து அவர் முகம் வெளுத்தது. அவள் சும்மா இருங்கள் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பக்கத்தில் நின்றவள் பெயர் ஈஸ்வரி என்று பிறகு தெரிந்தது. "எந்த ஊரும்மா?" என்றாள் மெதுவாக.

"திருவாரூர் பக்கம். வேதாரண்யத்துக்கு வந்தேன்."

"நல்ல நாளாப் பாத்து வந்தீங்க. எங்க ஐயரு பூஜையப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும். வந்து மூணு மாசங்கூட ஆவல, கோயிலே மாறிப்போச்சு." ஈஸ்வரி நெருங்கி வந்தாள். "பாவம், தாய் தகப்பன் இல்லாத புள்ள. சின்ன வயசுலயே போயிட்டாங்களாம். இந்தக் குரலக் கேக்க அந்தம்மாவுக்குக் குடுப்பின இல்ல பாருங்க."

அம்சம் "ம்" என்றாள். கையிலிருந்த பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். நாற்று நடும்போது கடுத்த இடுப்பு இப்போது கடுப்பதுபோல இருந்தது. போய்விடலாமா என்று நினைத்தாள். வாசல் தூரத்தில் இல்லை. ஆனால் தீபாராதனை காட்டியாயிற்று. தட்டு வெளியே வந்துவிட்டது.

செழியன் வரிசையாகத் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தான். உடம்பு கறுத்து மெலிந்திருந்தது. ஈஸ்வரிக்குக் கொடுத்தான். அடுத்த கை நீண்டது. தடித்துக் காய்ப்பேறி, நகக்கணுவில் சேறு போகாத கை. அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்தான்.

அம்சம் முந்திக்கொண்டாள். வெளியூர்க்காரி கேட்கிற மாதிரி, மரியாதையாக, குனிந்து, "திருநீறு குடுங்க சாமி" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான்.

"எப்பம்மா வந்த?" என்றான். சின்னக் குரலில் இல்லை. மந்திரம் சொன்ன அதே குரலில். "சாப்பிட்டியா?"

"சாமி, நான் வெளியூரு..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மாவா?" என்றாள் ஈஸ்வரி. "உங்கம்மா இல்லேன்னாங்களே?"

"இருக்காங்க. இவங்கதான். பேரு அம்சம். கீழ்வேளூருக்குப் பக்கத்துல வடகாவனூரு, கீழத்தெரு. நடவு நடுறாங்க. எங்கப்பா கண்ணுசாமி, அவரும் விவசாயக் கூலிதான். ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க. இல்லேன்னு சொன்னப்ப நான் வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

கீழத்தெரு என்ற சொல்லுக்கு அந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. திருநீற்றை நெற்றிவரைக்கும் கொண்டுபோன கைகள் அங்கேயே நின்றன. ஒருத்தி உள்ளங்கையில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் விரல்களை மடக்கிக்கொண்டாள். ஆண்கள் பக்கம் ஒருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பின்னால் இன்னும் சிலர். செருப்புச் சத்தம் மட்டும் மணலில் கேட்டது.

அமிர்தம்தான் முன்னால் வந்தாள். "தட்டு நின்னுபோச்சு பாருங்க. நகந்து வாங்க, நகந்து வாங்க" என்று, ஒன்றும் நடக்காததுபோலப் பெண்களை வரிசையில் தள்ளினாள். சிலர் வந்தார்கள். சிலர் வரவில்லை. ஈஸ்வரி அம்சத்தின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, நெற்றிக்கு முன்னால் நின்ற விரலை இழுத்துப் பூசிக்கொண்டு, யாரோடும் பேசாமல் போய்விட்டாள்.

கோயிலுக்குப் பின்னால் தகரம் போட்ட அறை. ஒரு பாய், ஒரு அடுப்பு, எம்.ஏ. புத்தகங்கள், சுவரில் கொடி கட்டித் துவைத்துப் போட்ட வேட்டி. அம்சம் வந்ததும் வராததுமாக அரிசியைக் களைந்து உலை வைத்தாள். கையைச் சும்மா வைத்திருக்க அவளால் முடியவில்லை.

"ஏன்டா சொன்ன? நான் பாத்துட்டு அப்புடியே போயிருப்பேன்ல?"

"நீ சாமின்னு கூப்புட்டியேம்மா." அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "என்னமோ படிச்சேன், எத்தனையோ மந்திரம். அந்த எடத்துல ஒண்ணுகூட நிக்கல. எம் முன்னால நீ யாரோ மாதிரி குனியிற. உனக்குத் திருநீறு குடுத்துட்டு அடுத்த ஆளுக்குப் போயிருந்தேன்னா, அதுக்கப்பறம் நான் எந்தச் சாமியத் தொட்டு என்ன?"

"நாந்தான் போன்னு சொன்னேன்," என்றாள் அம்சம். "உங்கப்பா வேணாம்னாரு."

"நீ சொல்லாட்டியும் வந்திருப்பேன்மா."

வாசலில் வைரக்கண்ணு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "இப்புடிப் பண்ணிட்டீங்களே, தம்பி. நல்லாத்தானே போயிக்கிட்டிருந்துச்சு. இப்ப தெரிஞ்சுபோச்சே."

"உங்களுக்கு மொதல்லயே தெரியும்ல?" என்றாள் அம்சம். "தெரிஞ்சுதான் ரெண்டு மாசமா அவன் கையால திருநீறு வாங்குனீங்க. ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். சாயங்காலம் பூசியது அங்கே இன்னும் இருந்தது. "நாலு பேரு வேணாங்குறான். நாலு பேரு பேசாம இருக்கான். நான் யாருக்குன்னு பேசுறது?" என்றார். "வேற எங்கயாவது பாத்துக்கங்க தம்பி. பரீட்சை கிரீட்சை எழுதப்போறதாச் சொன்னீங்களே."

"எழுதுவேங்க. செயல் அலுவலர் பரீட்சைக்கும் போட்டிருக்கேன், எம்.ஏ.வையும் முடிப்பேன். அது வேற. நாளைக்குக் காலையில நடை தெறக்கணும், தெறப்பேன். வேணாம்னா ஊரு கூடி எம் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

வைரக்கண்ணு வாசலிலிருந்தே திரும்பிப் போனார். அம்சம் கண்ணுசாமிக்குப் போன் போட்டாள். எங்கே போனாய் என்று அவர் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, நடந்ததைச் சொன்னாள்.

"அவங்கிட்ட குடு."

செழியன் வாங்கிக் காதில் வைத்தான். கண்ணுசாமியின் கரகரத்த குரல் அம்சத்துக்கும் கேட்டது.

"எம் பேரையும் சொன்னியா?"

"சொன்னேம்ப்பா."

"சரி. இந்த மாசச் சம்பளத்துல கை வச்சாங்கன்னா சொல்லு. வண்டியில ஆளோட வர்றேன்." பிறகு, "அம்மாவ நாளைக்கே அனுப்பிடாத. நாலு நாள் இருந்துட்டு வரட்டும்."

விடிந்தும் விடியாமலும் செழியன் குளித்துவிட்டுக் குடத்தோடு போய்விட்டான். அம்சம் தலையை முடிந்துகொண்டு மண்டபத்துக்கு வந்தாள். மணலில் ஒரு காலடியும் இல்லை. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. தினம் மணி அடிக்க வருகிற ஆள் வரவில்லை. அவன் வீட்டுக் கதவு சாத்தியிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. தேவாரம் படிக்க வரும் பிள்ளைகளையும் காணோம்.

பிறகு வரப்பு வழியாக இரண்டு பேர் வந்தார்கள். உப்பு வாரும் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அமிர்தமும், அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஈஸ்வரியும். அமிர்தம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஈஸ்வரி படியில் நின்றாள். ஏறவில்லை. திரும்பியும் போகவில்லை. அம்சத்தைப் பார்த்து, "நேத்து திருவாரூருன்னீங்க" என்றாள்.

"பொய்தான் சொன்னேன் தாயி."

"ம்," என்றாள் ஈஸ்வரி. "செத்துப்போனவங்களுக்காக நானும் ரெண்டு மாசமா வேண்டிக்கிட்டிருந்தேன்." செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே செழியன் கற்பூரத்தைக் கொளுத்தினான். தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே பார்த்தான். மண்டபத்து உத்தரத்தில் தொங்கிய பெரிய மணியின் கயிறு காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஆளில்லை.

"அம்மா," என்றான். "மணி அடி."

அம்சம் அமிர்தத்தைப் பார்த்தாள். அமிர்தம் கயிற்றைக் கண்ணால் காட்டினாள். வாழ்நாளில் எத்தனையோ கோயில் மணிச் சத்தத்தை வயலில் குனிந்தபடி கேட்டிருக்கிறாள் அவள். கயிறு கனமாக இருந்தது. முதல் இழுப்புக்கு மணி அசைந்ததே ஒழியச் சத்தம் வரவில்லை. காலை அகட்டி வைத்து, நாற்றுக்கட்டைத் தூக்கி வீசுகிற வாகில் இழுத்தாள். மணி பேசியது. கோயிலுக்கு வெளியே, சவுக்குக்கு அப்பால், வெள்ளைப் பாத்திகளுக்கு மேலே போயிற்று அந்தச் சத்தம். தூரத்தில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். வருகிறார்களா, சும்மா பார்க்கிறார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை. செழியன் போதும் என்று சொல்லவில்லை. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.